“அப்படி என்னதான் செஞ்சே?” என்று கேட்காத இடம்: போலீஸ் அடியில் கண் இழந்தவர்களின் கேள்விகளும் பதில்களும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, போலீஸ் அடியால் கண் போனவர்கள் அங்கே கூடி உட்காருகிறோம். கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர், வில்லியனூர் என்று தமிழ்நாடு-புதுச்சேரி எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதினேன்.

இது சங்கமா? உறுப்பினர் கட்டணம் உண்டா?

இல்லை. பெயர்ப்பலகை கிடையாது, ரசீது புத்தகமும் கிடையாது. டீக்காசு மட்டும் முறை வைத்துக் கொடுக்கிறோம்.

எப்படி ஆரம்பித்தது?

2014-இல் எல்லைப் பக்கம் நடந்த ஒரு வாகனச் சோதனையில் எனக்கு இடது கண் போனது. வண்டியை நிறுத்தத்தான் போனேன். நிறுத்துவதற்குள் லத்தி வீசப்பட்டது. எந்த நிலையம், யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அதற்குப் பிறகு பல வருஷம் நான் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மற்றவர்களின் ஜாமீன் மனுக்களைப் பிரதி எடுத்துக் கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஓர் அம்மா, மகனுடைய டிஸ்சார்ஜ் சம்மரியை மூன்று செட் எடுக்க வந்தார். தாளை மிஷினில் வைக்கும்போது “வலது கண், பார்வை இல்லை” என்ற வரி கண்ணில் பட்டது. “எப்படிம்மா ஆச்சு?” என்றேன். “வழுக்கி விழுந்துட்டான்னு எழுதிக் குடுத்திருக்காங்க தம்பி” என்றார். தமிழ்நாட்டில் போலீஸ் காவலில் இருப்பவர்கள் பாத்ரூமில் எத்தனை தடவை வழுக்கி விழுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நீயும் வழுக்கித்தான் விழுந்தியா?” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். அடுத்த ஞாயிறு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் உண்மையிலேயே ஒரு தப்பு செய்து பிடிபட்டவன். நான் வரலாமா?

வரலாம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டோம். எங்களுக்கு இருக்கும் ஒரே விதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண் போனவன் வீட்டுக்கு வந்தால் முதல் ஆள் கேட்பது “வலிக்குதா?” என்று இருக்காது. “அப்படி என்னதான் செஞ்சே? சும்மாவா அடிப்பாங்க?” என்பதாகத்தான் இருக்கும். மாமனார் கேட்பார், முதலாளி கேட்பார், சில நேரம் வக்கீலே கேட்பார். ஒன்றும் செய்யாதவன் அதை நிரூபிக்கப் படாத பாடு படுகிறான். ஏதோ செய்தவன் வாயை மூடிக்கொள்கிறான். திருடினால் இன்ன தண்டனை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, அதில் கண்ணைப் பறிப்பது எங்கேயும் இல்லை. ஆனால் இதை மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

பீகாரில் பாகல்பூரில் 1979-80 வாக்கில் 30-க்கும் மேற்பட்ட விசாரணைக் கைதிகளின் கண்களைப் போலீஸார் ஊசியால் குத்தி அமிலம் ஊற்றினார்கள். அந்த அமிலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கங்காஜலம். விஷயம் பத்திரிகையில் வந்து போலீஸார் சஸ்பெண்ட் செய்யப்பட்டபோது, அந்த ஊரிலேயே போலீஸுக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். “ரவுடிகள்தானே” என்பதுதான் வாதம். கபிலா ஹிங்கோரானி என்ற வக்கீல் அவர்களுக்காக உச்ச நீதிமன்றம் போனார். ஏழைக் கைதியை முதன்முதலில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே அரசு இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று அந்த வழக்கில்தான் தீர்ப்பு வந்தது. இன்றைக்கு நிரபராதிகளுக்கும் கிடைக்கிற அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தவர்கள், ஊர் ரவுடி என்று ஒதுக்கிய குருடர்கள். எங்களில் யாராவது புதிதாக வந்தவரைப் பார்த்து “என்ன கேஸு?” என்று ஆரம்பித்தால் இந்தக் கதையை நான் ஆரம்பித்துவிடுவேன். அதற்குப் பயந்தே யாரும் கேட்பதில்லை.

இப்போதுதான் அடிபட்டது. முதலில் என்ன செய்வது?

மீதியை அப்புறம் படியுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். லத்தி, கல், ரப்பர் குண்டு, கண்ணீர்ப்புகைக் குப்பி என்று எதனால் அடிபட்டிருந்தாலும் கண்ணைக் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். கண்ணில் படாமல், சுற்றியிருக்கும் எலும்பின் மேல் உட்காரும்படி பேப்பர் கப் ஒன்றைக் கவிழ்த்து டேப் ஒட்டினால் போதும். வெறும் புகை அல்லது மிளகு ஸ்பிரே மட்டும் என்றால் நேர் எதிர்: நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பாட்டி தாய்ப்பால் விடச் சொல்வார், பக்கத்து வீட்டில் நந்தியாவட்டைப் பூவோடு வருவார்கள். இரண்டும் வேண்டாம். சாப்பாடு, காபி, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். கிழிந்த கண்ணைத் தைக்க மயக்க மருந்து தேவைப்படலாம், வயிறு நிறைந்திருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். எங்களில் ஒருவருக்கு ஆறுதலாக வாங்கிக் கொடுத்த பரோட்டாவால் அரை நாள் போயிற்று.

எங்கே போவது? கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர், தவளக்குப்பம் அரவிந்த். எது பக்கமோ அங்கே. “போலீஸ் கேஸ், முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வா” என்று யாராவது சொன்னால், முதலில் சிகிச்சை, சட்டச் சடங்கு பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது என்பதை ஞாபகப்படுத்துங்கள்.

டாக்டர் “எப்படி அடிபட்டது?” என்று கேட்டால்?

நடந்ததைச் சொல்லுங்கள். பக்கத்தில் காக்கிச்சட்டை நின்றாலும் சொல்லுங்கள். டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி, புதுச்சேரிப் பக்கம் எம்.எல்.சி. என்பார்கள்), அதில் முதல் நாள் விழுகிற வரிதான் பத்து வருஷம் கழித்தும் கோர்ட்டில் படிக்கப்படும். “கீழே விழுந்ததாகக் கூறுகிறார்” என்று ஒருமுறை ஏறிவிட்டால் அதை இறக்குவது லேசில்லை. எந்த நேரம், எந்த இடம், எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று நாலு விஷயம். பயத்தில் வாய் வரவில்லை என்றால், கூட வந்தவர் சொல்லலாம். எனக்கு அப்போது அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இப்போது நடுராத்திரி போன் வந்தாலும் எங்களில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறோம்.

இந்த எல்லைக்கோட்டில் இன்னொரு சிக்கல். அடிபட்டது கடலூர் மாவட்டத்தில், படுத்திருப்பது ஜிப்மரில் என்றால், ஆஸ்பத்திரித் தகவல் புதுச்சேரி போலீஸுக்குப் போய், அங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் பயணம் செய்ய வேண்டும். அந்தப் பயணத்தில் காகிதம் தூங்கிவிடும். “எங்க லிமிட் இல்ல” என்று இரு பக்கமும் சொல்வார்கள். எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்று கைது, விசாரணை நடைமுறைக்கான புதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று கேளுங்கள். கூடவே மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் ஒன்று.

கைது செய்து கொண்டு போய்விட்டார்கள். கண்ணில் ரத்தம்.

கைதானவரை டாக்டர் பரிசோதிக்க வேண்டும், காயங்களைக் குறிக்க வேண்டும், அந்த அறிக்கையின் நகலை அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது வாய் திறந்து காயத்தைச் சொல்லச் சொல்லுங்கள். வீடியோவில் ரிமாண்ட் நடந்தால் முகத்தைக் கேமராவுக்கு நேரே திருப்ப வேண்டும். அடிபட்ட பக்கம் இருட்டில் இருக்கும்படி உட்கார வைத்த அனுபவம் எங்களில் ஒருவருக்கு உண்டு. வக்கீல் இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழு. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

நிலையத்துக்குள் நடந்தது என்றால் சிசிடிவி. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருஷம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. “அன்னிக்குன்னு பார்த்து கேமரா ரிப்பேர்” என்ற பதில் வரத்தான் செய்யும். அதையும் எழுத்தில் வாங்குங்கள். ரிப்பேர் என்று எழுதிக் கொடுத்த தாளுக்கும் கோர்ட்டில் மதிப்பு உண்டு.

“ஒரு கண்ணுதானே போச்சு, இன்னொண்ணு இருக்கே” என்கிறார்கள். நான்தான் மிகைப்படுத்துகிறேனா?

இல்லை. ஒற்றைக் கண்ணில் ஆழம் தெரியாது. டம்ளரில் ஊற்றிய தண்ணீர் மேஜையில் கொட்டும். படியின் கடைசிப் படி எங்கே முடிகிறது என்று புரியாது. கை நீட்டியவரிடம் சில்லறையைக் கொடுத்தால் நடுவிலேயே விழும். போன கண் பக்கத்திலிருந்து வருகிற பஸ் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும். ஊசியில் நூல் கோப்பது, ஆணியின் தலையில் அடிப்பது, மீன் வெட்டுவது எல்லாவற்றிலும் கை தடுமாறும். எங்களோடு வரும் ஒரு அக்கா துணி தைப்பவர். முதல் ஆறு மாதம் மிஷின் பக்கமே போகவில்லை.

மூளை மெல்லப் பழகும், பல மாதம் எடுக்கும். அந்த மாதங்களைச் சுருக்கத்தான் நாங்கள் இருக்கிறோம். புதிதாக வந்தவருக்கு முதல் பாடம் டீ ஊற்றுவது. கெட்டில் மூக்கைக் கப்பின் விளிம்பில் தொடவைத்து ஊற்றினால் சிந்தாது. படி இறங்கும்போது கால் பெருவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த அடி. சாலை கடக்கும்போது கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, தாடை தோளைத் தொடும் வரை தலையைத் திருப்ப வேண்டும். கூட நடப்பவர் எப்போதும் போன கண் பக்கம் நடக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் இது யாரும் சொல்லாமலே நடக்கும். நாலு பேர் டீக்கடைக்குக் கிளம்பினால் யார் யாருக்கு எந்தப் பக்கம் என்று ஒரு குழப்பம் வரும், பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

இருக்கிற கண்ணுக்குப் பவர் வேண்டாமென்றாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள். அதற்கு இனி மாற்று கிடையாது.

கல்யாண வீட்டில் சகுனம் என்று தள்ளி நிற்கச் சொன்னார்கள், தெருவில் “ஒத்தக்கண்ணன்” என்கிறார்கள் என்று அடிக்கடி சொல்வார்கள். இதற்கு எங்களிடம் மருந்து இல்லை. போன வருஷம் ஒரு தம்பியின் நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் ஏழு பேர் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது.

நல்ல கண்ணுக்கும் ஆபத்து வருமா?

அபூர்வமாக வரும். கிழிந்த கண்ணின் காரணமாக, உடலின் எதிர்ப்புச் சக்தியே நல்ல கண்ணைத் தாக்கலாம். பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள், சில பேருக்குப் பல வருஷம் கழித்தும். நல்ல கண் சிவந்தால், வெளிச்சம் கூசினால், மங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பழைய காயத்தைச் சொல்ல மறக்காதீர்கள்.

போன கண்ணில் பூ, பொறி, உருவம் எல்லாம் தெரிகிறது. புத்தி கலங்குகிறதா?

இல்லை. வெட்டிய கால் அரிப்பதுபோல இதுவும் ஒன்று. எங்களில் மூன்று பேருக்கு உண்டு. வெளியே சொன்னால் பூசாரியிடம் கூட்டிப் போய்விடுவார்கள் என்று மூன்று பேரும் மறைத்து வைத்திருந்தார்கள். ஆனால் நல்ல கண்ணில் பொறி பறந்தால் அது வேறு, டாக்டர் பார்க்க வேண்டும்.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

ஒரு கண் முழுவதும் போய், மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதம் என்று சான்று தருவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் 40 வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பார்வைக் குறைபாட்டை நல்ல கண்ணை வைத்தே அளக்கிறது. அதனால் வாசல்வரை போய்த் திரும்புகிறோம். வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலையில் வேலை பார்க்கும்போது ஒரு கண் போனால், சம்பாதிக்கும் திறனில் 40 சதவீத இழப்பு என்று இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. கண் ஒன்றுதான், அளவுகோல் இரண்டு. எப்படியும் சான்று வாங்கி வையுங்கள், பின்னாளில் மற்ற கண்ணும் குறைந்தால் மறுமதிப்பீட்டுக்கு அது அடிப்படை. வழக்கிலும் உதவும்.

வழக்குப் போட்டே ஆக வேண்டுமா?

உங்கள் இஷ்டம். எங்களில் பாதிப் பேர் போட்டிருக்கிறார்கள், பாதிப் பேர் போடவில்லை. போடாதவர்களைக் கோழை என்று சொன்னவர் ஒருவர் உண்டு, அவரிடம் சண்டை போட்டோம், இப்போது சொல்வதில்லை. போடுவதென்றால், ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போனாலே அது கொடுங்காயம். ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவில் இருக்கிறது. வாக்குமூலம் வாங்க அடித்திருந்தால் 120-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததற்குப் பழைய ஐ.பி.சி. பொருந்தும். மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும், இதைத் தவறவிட்டவர்கள் நிறைய. நான் உட்பட. அரசின் கையால் உரிமை பறிபோனால் உயர் நீதிமன்றமே இழப்பீடு தரலாம் என்பது 1993 முதல் நிலைத்த சட்டம்.

வாய்தா அன்று கூடப் போவதுதான் எங்களால் முடிந்த பெரிய உதவி. எதிர்த்தரப்பில் பத்துக் காக்கி நிற்கும் வராந்தாவில் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவர்களுக்குத் தெரியும். ஜெராக்ஸ் என் பொறுப்பு, காசு வேண்டாம். ஒரிஜினலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், வக்கீலிடமும்.

வேறு ஊர்களில் இப்படிக் கூட்டங்கள் உண்டா?

உண்டு, எங்களைவிடப் பெரிதாக. காஷ்மீரில் 2010 முதல் கூட்டத்தின் மேல் பெல்லட் துப்பாக்கி பயன்படுத்தினார்கள். ஒரு தோட்டாவில் நூற்றுக்கணக்கான குண்டுமணிகள் சிதறும். 2016 கோடையில் ஸ்ரீநகர் மருத்துவமனை வார்டுகள் கறுப்புக் கண்ணாடி போட்ட பையன்களால் நிறைந்தன. மும்பையிலிருந்து டாக்டர் எஸ். நடராஜன் குழு போய் ஆபரேஷன் செய்தது. பின்னர் பார்வை இழந்தவர்களே டிரஸ்ட் ஒன்றை நடத்தி ஒருவருக்கொருவர் மருந்துச் செலவு பார்த்துக்கொண்டார்கள்.

சிலியில் 2019 அக்டோபரில் தொடங்கிய போராட்டங்களில் 400-க்கு மேற்பட்டவர்களுக்குக் கண் காயம். அவர்கள் ஒருங்கிணைந்து சிகிச்சையையும் நிவாரணத்தையும் கேட்டார்கள். வேலைக்குப் போகக் கிளம்பிய ஃபாபியோலா கம்பிஜாய் என்ற பெண்ணின் முகத்தில் கண்ணீர்ப்புகைக் குப்பி பட்டு இரண்டு கண்ணும் போயின, வாசனையும் ருசியும்கூட. இரண்டே வருஷத்தில் அவர் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பிரான்ஸ் விவகாரம் எங்களுக்குப் புதுச்சேரி வழியாக வந்தது. 2018-19 மஞ்சள் அங்கிப் போராட்டத்தில், பெரும்பாலும் ரப்பர் குண்டுகளால், இருபதுக்கு மேற்பட்டவர்கள் கண் இழந்தார்கள். அவர்களில் சிலரும் கை இழந்தவர்களும் சேர்ந்து அமைத்த கூட்டுக்கு வைத்த பெயரைப் பிரெஞ்சு தெரிந்த எங்கள் பெரியவர் ஒருவர் “உதாரணத்துக்காக ஊனமாக்கப்பட்டவர்கள்” என்று மொழிபெயர்த்தார். “நம்ம ஊர்ல சொல்வாங்களே, நாலு பேருக்குப் பாடமா இருக்கட்டும்னு, அதேதான்” என்றார். அன்று யாருக்கும் வேறெதுவும் பேசத் தோன்றவில்லை.

வந்தால் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். ஒருவர் எட்டு மாதம் வந்து பேப்பர் படித்துவிட்டுப் போனார். ஒன்பதாம் மாதம் பேசினார்.

வீட்டுக்காரர்கள் வரலாமா?

வரலாம். பெண்களுக்குத் தனியாக ஒரு மூலை தேவைப்படுகிறது, ஆண்கள் முன்னால் அவர்கள் அழுவதில்லை. கணவருக்குக் கண் போனதும் வேலை, பேச்சு, தூக்கம் மூன்றும் போய்விட்ட வீடுகள் உண்டு.

சாகலாம் போல இருக்கிறது.

யாரிடமாவது இப்போதே சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இரவு பகல் எப்போதும் தமிழில் பேசுவார்கள். சிலியில் இந்தக் காயத்தோடு உயிரை விட்டவர்கள் உண்டு. ஆகவே யாராவது இப்படிச் சொன்னால் நாங்கள் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றிரவு ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வார். சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

கல்லடியில் கண் போன போலீஸ்காரர் வந்தால் சேர்ப்பீர்களா?

ஒருமுறை இதற்காகவே முழு ஞாயிறும் போயிற்று. சேர்க்கலாம் என்றேன். தையல்கார அக்கா, “அவரு வந்தா நான் வரமாட்டேன்” என்றார். இதுவரை யாரும் வரவில்லை, வழக்கு நிலுவையில் இருக்கிறது.

செயற்கைக் கண் வைத்தால் தெரியுமா? எப்படிப் பராமரிப்பது?

நன்றாகச் செய்தால் சட்டென்று தெரியாது. ஆபரேஷன் முடிந்து ஆறிலிருந்து எட்டு வாரம் குழி ஆற வேண்டும், அப்புறம்தான் அளவெடுப்பார்கள். கோலி மாதிரி உருண்டையாக இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், அது சிப்பி மாதிரி மெல்லிய அக்ரிலிக் ஓடு. ரெடிமேடு மலிவு, ஆனால் பார்வை எங்கேயோ நிற்கும். உங்கள் குழிக்கும் நிறத்துக்கும் தகுந்து செய்தது கொஞ்சம் அசையவும் செய்யும். வருஷத்துக்கு ஒருமுறை பாலிஷ், ஐந்து வருஷம்போல ஆனால் புதுசு.

கழற்றுவதற்கு முன் கை கழுவுங்கள். ஸ்பிரிட், டெட்டால் கூடாது, ஓடு கெட்டுவிடும். வாஷ்பேசினில் கழற்றினால் ஓட்டையை அடைத்து, உள்ளே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். நான் திருப்பாதிரிப்புலியூர் லாட்ஜ் ஒன்றில் துண்டு விரிக்காமல் கழற்றி, பிளம்பரைக் கூப்பிட்டு, “என்ன சார் விழுந்துச்சு, மோதிரமா?” என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.